கடை மாறினாலும் பி.எப். கணக்கு மாற வேண்டாம்

நம் வணிகர்களில் பலர், "சம்பளம் கொடுத்தோம், பி.எப். கட்டினோம், நம் கடமை முடிந்தது" என்று நினைக்கிறார்கள். ஊழியர் நம் கடையை விட்டு விலகும் நாளில் நாம் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதில் அசட்டையாக இருந்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

20 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடைகளுக்கு பி.எப். உண்டு. 15,000 ரூபாய் சம்பளக்காரரை எடுத்துக்கொள்வோம். அவர் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். நாமும் அதே 1,800 கட்டுகிறோம். நம் பங்கில் 1,250 ரூபாய் பென்ஷன் நிதிக்கும், 550 ரூபாய் அவர் கணக்குக்கும் போகிறது. இந்தப் பென்ஷன் பாகத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

மாதாந்திரப் பென்ஷன் கிடைக்க 10 வருட சர்வீஸ் வேண்டும். ஒரு கணக்குப்பிள்ளை நம் மண்டியில் 6 வருடமும், அடுத்த மண்டியில் 5 வருடமும் வேலை பார்க்கிறார் என்று வையுங்கள். முதல் கடையை விட்டதும் பென்ஷன் பாகம் உட்பட எல்லாவற்றையும் வாங்கிச் செலவழித்துவிட்டால், அந்த 6 வருடம் போயிற்று. மிச்சம் 5 வருடத்துக்குப் பென்ஷன் இல்லை. வாங்காமல் புதுக் கடைக்கு மாற்றியிருந்தால் 11 வருடம். 15,000ஐ 11ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 2,357 ரூபாய். 58 வயதிலிருந்து ஆயுள் உள்ளவரை மாதாமாதம் வரும். அவருக்குப் பின் மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு.

வரியிலும் வித்தியாசம் இருக்கிறது. மொத்தம் 5 வருடம் நிறையுமுன் பணத்தை எடுத்தால் அது வருமான வரிக் கணக்கில் சேரும். கணக்கை மாற்றிக்கொண்டால் பழைய கடையின் சர்வீஸும் சேர்த்து எண்ணப்படும்.

2014 முதல் ஒவ்வொருவருக்கும் யு.ஏ.என். என்ற ஒரே எண் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருபவரிடம் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். தெரியாத்தனமாக இன்னொரு எண் வாங்கிவிடாதீர்கள். பெயர், பிறந்த தேதி இரண்டும் ஆதாரில் உள்ளபடியே இருக்கவேண்டும். தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்பின் மாறினாலே மனு திரும்பி வரும்.

விலகுபவருக்கு விலகிய தேதியைத் தாமதமின்றிப் பதிவு செய்யுங்கள். கோபித்துக்கொண்டு போனவர் என்பதற்காக இழுத்தடிப்பது தர்மமல்ல. கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமற் போகும் என்பதையும் சொல்லிப் புதிதாக எழுத வையுங்கள்.

ஓய்வு பெறுபவர் விஷயத்தில் ஒரு வார்த்தை. நீண்ட காலம் உழைத்தவர் கையில் மொத்தமாகப் பணம் வந்ததும், "முதலாளி, இதை உங்களிடமே வட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்பார். அன்போடு மறுத்துவிடுங்கள். வியாபாரத்தில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. நமக்கு அது கைமாற்று. அவருக்கு அது முதுமைக் காலத்துச் சோறு. 60 வயது முடிந்தவராக இருந்தால் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வரும்.

இந்த வாரமே ஊழியர் பட்டியலை எடுத்துவைத்து, எண், பெயர், நாமினி மூன்றையும் சரிபார்க்கும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.