கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

நீங்கள் எப்போதாவது கடைத்தெருவுக்குப் போய், ஒரு காலணா சாமான்கூட வாங்காமல், ஆனால் மனசு நிறைந்து வீடு திரும்பியதுண்டா? "நல்ல கேள்வி! புடவைக் கடைக்குள் நுழைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

என் பெரியம்மா அப்படித் திரும்பியிருக்கிறாள். ஒரு தடவை அல்ல. ஆறேழு வருஷம், வருஷத்துக்கு ஒரு மாலை. டிசம்பர் மாதக் கடைசி வாரத்தில், சென்னை மவுண்ட் ரோடில் கிறிஸ்துமஸுக்காக ஜோடித்து வைத்திருக்கும் கடைக் கண்ணாடிகளை வேடிக்கை பார்ப்பதற்கென்றே தாத்தா அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவாராம். அறுபதுகளின் தொடக்கம் அது. பெரியம்மாவுக்கு அப்போது பத்து வயசு. இப்போது எழுபத்து மூன்றைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்தக் கண்ணாடிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிவதுகூட அவளுக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

திருவேற்காடு என்றால் உங்களில் பலருக்குக் கருமாரியம்மன் கோயில்தான் நினைவுக்கு வரும். ஆடி மாதத்துக் கூட்டமும் வேப்பிலையும் கண் முன்னே நிற்கும். அந்த நாளில் அது பட்டணத்தோடு ஒட்டாத கிராமம். அம்மன் கோயில், அதற்கும் வெகு காலம் முந்தைய வேதபுரீசுவரர் கோயில், ஓரமாகக் கூவம் ஆறு, மீதி வயல். தாத்தா பட்டணத்தில் ஓர் அச்சாபீஸில் கம்பாசிட்டர். வேலப்பன்சாவடி வரை நடந்து வந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால்தான் பட்டணம். டிராம் வண்டிகள் 1953-லேயே நின்று போய்விட்டன. ஆகவே பஸ்ஸை விட்டு இறங்கினால் நடைதான்.

"பகல்லே போனா பிரயோஜனம் இல்லேடி. இருட்டின அப்புறந்தான் அதுக்கு உயிர் வரும்" என்பாள் பெரியம்மா. ரவுண்டாணாவில் ஆரம்பித்து ஸ்பென்ஸர் வரை ஒவ்வொரு கடையாக நின்று பார்த்துக்கொண்டே நடப்பார்கள். பஞ்சினால் செய்த பனிமலை. அதைச் சுற்றிச் சுற்றி ஓடும் தகர ரயில். சாவி கொடுத்தால் தலையை ஆட்டும் கிறிஸ்துமஸ் தாத்தா. படுக்க வைத்தால் கண்ணை மூடும் தங்க முடிப் பொம்மை. எந்தப் பொம்மை எந்தக் கடைக் கண்ணாடியில் இருந்தது என்று கேட்டால் இன்று பெரியம்மாவுக்குத் தடுமாற்றம்தான். ஆனால் ரயிலில் எத்தனை பெட்டி என்று கேட்டால் தடுமாற்றமே இல்லை. ஐந்து. கடைசிப் பெட்டியில் ஒரு சக்கரம் கோணல்.

தாத்தாவின் சட்டம் ஒன்றே ஒன்று. "கண்ணாலே எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ. கையாலே ஒண்ணும் கூடாது." திரும்பும்போது வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று. அவ்வளவுதான் செலவு.

இந்த ஸ்பென்ஸரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்றைய பெண்களுக்கு அது ஒரு மாலின் பெயர். 1863-ல் சார்லஸ் டூரண்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்ஸர் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் மவுண்ட் ரோடில் ஆரம்பித்த கடை அது. பிறகு யூஜின் ஓக்ஷாட் என்பவர் கைக்கு வந்து, 1895-ல் கோபுரமும் வளைவுமாகச் செங்கல் சிவப்பில் ஓர் அரண்மனை எழும்பியது. ஆசியாவிலேயே பெரிய கடை என்று பெயர். குண்டூசி முதல் சுருட்டு வரை கிடைக்காத சாமான் இல்லை. அதே மவுண்ட் ரோடில் ஒயிட்டவே லெய்ட்லா என்ற கம்பெனியும் கொடி கட்டிப் பறந்தது. கடன் கிடையாது, ரொக்கம்தான் என்பது அவர்கள் கொள்கை. அதனால் வெள்ளைக்காரர்களே அதன் பெயரைத் திருகி, 'ரைட்டவே அண்ட் பெய்ட் ஃபார்' என்று பரிகாசம் செய்வார்களாம். அந்தக் கட்டடத்துக்குப் பிற்காலத்தில் 'சுதேசமித்திரன்' குடியேறியது. சீமைத் துணி விற்ற இடத்தில் சுதேசப் பத்திரிகை! மவுண்ட் ரோடுக்கும் நகைச்சுவை உணர்ச்சி உண்டு என்று தெரிகிறதல்லவா?

கடைக் கண்ணாடியை ஜோடிப்பது என்பது சாதாரண வேலையா என்ன? மேல்நாட்டில் அது ஒரு தனி வித்தையாகவே வளர்ந்தது. பெரிய பெரிய கண்ணாடிப் பலகைகளை வார்க்கக் கற்றுக்கொண்டதும், பின்னால் மின்சார விளக்கு வந்ததும்தான் அதற்கு அஸ்திவாரம். நியூயார்க் மேஸி கடையில் 1874-லேயே பீங்கான் பொம்மைகளைக் கதைக் காட்சிகளாக நிறுத்தி, கிறிஸ்துமஸ் கூட்டத்தைத் தெருவிலேயே கட்டிப் போட்டுவிட்டார்கள். சிகாகோவில் 1897-ல் கடைக் கண்ணாடி ஜோடிப்பவர்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியது. அதன் ஆசிரியர் யார் தெரியுமா? எல். ஃபிராங்க் பாம். மூன்றே வருஷத்தில் 'ஓஸ் நகரத்து மந்திரவாதி' கதையை எழுதி உலகப் புகழ் பெற்றாரே, அவரேதான். மரகதப் பட்டணத்தைக் கற்பனை செய்த மூளை, அதற்கு முன் தொப்பியையும் துணியையும் எப்படி அடுக்கினால் ஜனங்கள் நிற்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

நியூயார்க்கில் லார்ட் அண்ட் டெய்லர் என்று மற்றொரு கடை. 1914-ல் கட்டிய அதன் ஐந்தாவது அவென்யூக் கட்டடத்தில் ஷோகேஸ்களையே லிஃப்டைப் போல நிலவறைக்கு இறக்கி, அங்கே ரகசியமாக அலங்காரம் முடித்து, மேலே ஏற்றிவிடுவார்களாம். திரை தூக்கினாற்போல் இருக்காதா? 1938-ல் அவர்கள் செய்ததுதான் பெரிய துணிச்சல். கிறிஸ்துமஸுக்குக் கண்ணாடிக்குள் ஒரு சாமானும் வைக்கவில்லை. பொன்னிற மணிகள் ஆடின. மணியோசை தெருவில் கேட்டது. விற்க ஒன்றும் இல்லை. ஜனங்கள் வந்து குவிந்தார்கள். அந்தக் கடையும் 2019-ல் மூடப்பட்டுவிட்டது.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது அவள் தலையை ஆட்டினாள். "அவன்தான் சரியான ஆள். சாமானை வெச்சா அது கடை. வெக்கலேன்னா அது கொலு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தால் உண்மைதானே? கொலுப் படியில் உள்ள எதற்கும் விலைச் சீட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், பார்க்கலாம், சுண்டலும் வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்கிறார்கள் அல்லவா, அதே கைகள்தான் நவராத்திரி முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாட்டையும் ஆட்டையும் மேய்ப்பர்களையும் செய்கின்றன. ராமருக்கு வைத்த அச்சும் சூசையப்பருக்கு வைத்த அச்சும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அங்கே சண்டை ஒன்றும் இல்லை.

அந்த நாள் எல்லாமே பொன்னான நாள் என்று நான் எழுதப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கண்ணாடிகளின் உள்பக்கம் யாருக்காக இருந்தது? துரைகளுக்கும் துரைசானிகளுக்கும். பிறகு நம்மவர்களில் கார் வைத்திருந்தவர்களுக்கு. ஒரு வருஷம் பெரியம்மா ரயிலைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திவிட்டாள். கடைப் பெயர் வேண்டாம். வாசலில் நின்ற சேவகன் ஓடி வந்து, "ஏ புள்ளே, தள்ளி நில்லு! கண்ணாடி அழுக்காகுது" என்று அதட்டினான். பெரியம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. தாத்தா ஒன்றும் கோபிக்கவில்லை. மேல்துண்டின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சாவதானமாகச் சொன்னாராம்: "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்க முதலாளியோடது. இந்தப் பக்கம் ரோடு. ரோடு எல்லாருக்கும் பொது." அங்கேயே நின்று, ரயில் மேலும் நாலு சுற்றுச் சுற்றும் வரை காட்டிவிட்டுத்தான் நகர்ந்தார்.

பெரியம்மா இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும், 'நாலு சுற்று' என்ற இடத்தில் விரலைக் காட்டத் தவறுவதில்லை.

நெருப்புக்கும் இந்தக் கடைகளுக்கும் என்ன பகையோ தெரியவில்லை. சிங்கப்பூரில் நம் தமிழர்களும் நன்கறிந்த ராபின்சன்ஸ் கடை, 1972 நவம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சரக்கெல்லாம் வந்து குவிந்திருந்த சமயத்தில் எரிந்தது. ஒன்பது உயிர்கள் போயின. நமது ஸ்பென்ஸர் 1983-ல் தீக்கு இரையாயிற்று. பட்டணத்துக் குழந்தைகளின் பொம்மைச் சொர்க்கமாக இருந்த மூர் மார்க்கெட், 1900-ல் திறந்தது, 1985 மே மாதத்தில் சாம்பலாயிற்று. கொழும்புக் கோட்டையில் 1906-ல் எழுந்த கார்கில்ஸின் சிவப்புக் கட்டடம் மட்டும் நெருப்புக்குத் தப்பி நிற்கிறது. அதன் கிறிஸ்துமஸ் ஜோடனையைப் பற்றிக் கொழும்பில் வளர்ந்த பாட்டிமார்கள் பேசக் கேட்டால் என் பெரியம்மா பேசுவது போலவே இருக்கும்.

ஸ்பென்ஸர் எரிந்த மனையில் தொண்ணூறுகளில் மால் வந்தது. சிறு பெண்ணாக நான் பார்த்த கிறிஸ்துமஸ் மரம் அதற்குள்ளேதான் இருந்தது. இப்போது மால்களில் மூன்று மாடி உயரத்துக்கு மரம் நிறுத்துகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். மூக்கை வைத்து அழுத்தினாலும் யாரும் அதட்டுவதில்லை. ஆனால் அதெல்லாம் உள்ளே. பையைச் சோதனை போட்டு, வண்டி நிறுத்தக் காசு கொடுத்து, இத்தனையும் தாண்டிய பிறகு. தெருவோடு போகிறவனுக்கு என்ன தெரிகிறது? வழவழவென்று ஒரு சுவர்.

இனி, நான் திருவேற்காட்டுக்குப் போன காரணம்.

பெரியம்மா வீட்டின் தெரு ஜன்னல் பழங்காலத்து மர ஜன்னல். இரண்டு கதவையும் திறந்தால் கம்பிகளுக்குப் பின்னால் ஒன்றரை முழ அகலத் திண்டு. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக, டிசம்பர் பிறந்து பாதி ஆனதும், பரணில் ஏறிய கொலுப் பொம்மைகளில் சில மறுபடி இறங்கி அந்தத் திண்டுக்கு வந்துவிடும். மருந்துக் கடைப் பஞ்சு இரண்டு கட்டு. மேலே ஜிகினா. சவுக்குக் கிளை ஒன்று. மூர் மார்க்கெட் எரிவதற்கு முன் பெரியப்பா வாங்கி வந்த தகர ரயில். இப்போது ஓடாது, நிற்கும். காகிதக் கூழில் செய்த கிறிஸ்துமஸ் தாத்தா, சாயம் போய் ரோஜா நிறமாகிவிட்டவர். பனிமலையின் அடிவாரத்தில், கொலுவில் வழக்கமாக உட்காரும் செட்டியாரும் செட்டியாரம்மாவும் அரிசி பருப்பைப் பரப்பிக்கொண்டு, வெற்றுடம்போடு, பனியைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் வியாபாரம் பண்ணிக்கொண்டிருப்பார்கள்.

"பனியிலே செட்டியார் எங்கிருந்து வந்தார்?" என்று ஒருமுறை கேட்டேன். "பசிக்காதா அங்கே இருக்கிறவாளுக்கு?" என்றாள்.

சாயங்காலம் ஆறரைக்கு விளக்கைப் போடுவாள். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள், கோயிலுக்குப் போகிறவர்கள், வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் கட்டியிருக்கும் நாலாவது வீட்டு டீச்சரம்மா, எல்லோரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போடலாம், தூசி படியாது என்று என் அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பெரியம்மா கேட்கவில்லை.

பொங்கல் கழிந்ததும் வீட்டை இடிக்கப் போகிறார்கள். அடுக்கு மாடி வரப் போகிறது. பெரியம்மாவுக்கு நாலாவது மாடியில் ஒரு பகுதி. காற்று வரும், லிஃப்ட் உண்டு, குளியலறையில் வெந்நீர் உண்டு. எல்லாம் சௌகரியம்தான். அவளே கையெழுத்துப் போட்டுச் சம்மதித்ததுதான். "நாலாவது மாடி ஜன்னலை யாருடி நின்னு பார்ப்பா? காக்காதான்" என்று மட்டும் சொன்னாள். ரயிலைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள். கோணல் சக்கரத்தை மட்டும் வெகு நேரம் துடைத்தாள்.

ஆறரை மணி ஆயிற்று. விளக்கு எரிந்தது. முதல் ஆளாக வந்தது, எதிர்த்த சரகத்தில் தையற்கடை வைத்திருப்பவர். கழுத்தில் இஞ்சு டேப்போடு வந்து நின்றார். அவர் கடையில் தெருவைப் பார்த்த ஷோகேஸ் ஒன்று இருக்கிறது.

"அம்மா, வர்ற வருஷம் எங்க ஷோகேஸ்ல வெச்சுக்குங்க. பத்து நாளைக்குக் காலி பண்ணித் தர்றேன். ஒரே ஒரு ஜாக்கெட் மட்டும் ஓரமா தொங்கட்டும்" என்றார்.

"சாமான் வெச்சா அது கடையாயிடுமே" என்றாள் பெரியம்மா.

அவர் சற்று யோசித்தார். கம்பிக்குள் கையை விட்டுக் கிறிஸ்துமஸ் தாத்தாவை வெளியே எடுத்தார். தோள், நெஞ்சு, கை நீளம் என்று அளவெடுத்துச் சட்டைப் பையிலிருந்த சீட்டில் குறித்துக்கொண்டார். "சிவப்பு சாட்டின்ல புதுசா ஒரு கோட்டு தைச்சுப் போட்டுடறேன். அதுதான் நம்ம சாம்பிள். ஜாக்கெட் வேணாம்."

பெரியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

இப்போது அவளுக்கு ஒரே கவலைதான். தீபாவளிக்குக் கொடுத்த இரண்டு ரவிக்கையை அந்த மனிதர் இன்னும் தைத்துத் தரவில்லையாம்.