சோகை உலைக்கா, மண்ணுக்கா?

அனல் மின்நிலையங்கள் நிலக்கரியோடு 5 விழுக்காடு பயிர்க்கழிவு பெல்லட்டையும் கலந்து எரிக்கணும்னு ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் கொள்கை வகுத்தது. எங்க அந்தியூருக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்டூர் அனல் மின்நிலையம் 1,440 மெகாவாட். முழு அளவில் ஓடினால் நாளுக்குச் சுமார் 20,000 டன் நிலக்கரி வேணும். அதில் 5 விழுக்காடுன்னா 1,000 டன். அவ்வளவும் யாரோ ஒருத்தர் காட்டிலிருந்துதான் போகணும்.

தோட்டத்திலேயே தீ வைப்பதைவிட விற்பது மேல்தான். ஆனா கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கர் கரும்பில் 3 முதல் 4 டன் சோகை கிடைக்கும். அதில் தழைச்சத்து மட்டும் 12 முதல் 16 கிலோ. உலைக்குப் போனால் தழைச்சத்தும் கரிமமும் புகையாப் போயிரும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் நிலக்கரிச் சாம்பலோடு கலந்துரும். நம்ம மண்ணுக்குத் திரும்பாது.

நான் பிரிக்கிறது இப்படி: மக்காச்சோளத் தட்டு மாட்டுக்கு. சோகை மண்ணுக்கு, பார் இடையில் பரப்பிச் சாணிக் கரைசல் தெளித்தால் மக்கும், ஈரமும் நிற்கும். சீமைக்கருவேல் விறகு, ஆலையில் குவியும் கடலைத் தோல் மாதிரியானவை உலைக்குப் போகட்டும்.

சோகை கேட்டு வியாபாரி வந்தால், மண் இழக்கும் சத்தையும் விலையில் சேர்த்துப் பேசுங்க.