பட்டாசு ஆலை வெடிவிபத்து வழக்கு: போலீஸ் திரட்டிய ஆதாரங்களை இறந்தவர் குடும்பமும் கேட்டு வாங்கலாமா?

'பட்டாசு ஆலையில் வெடிவிபத்து, உரிமையாளர், போர்மேன் மீது வழக்குப்பதிவு.' விருதுநகர் மாவட்டத்தில் இருந்து அடிக்கடி வரும் செய்தி இது. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் தேதி நடந்த விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12ஆம் தேதி 20க்கும் மேற்பட்டோர். ஒரு வாரம் டிவியில் ஓடும், நிவாரணம் அறிவிப்பார்கள். அதுக்கப்புறம் வழக்கு என்ன ஆனது என்று ஊருக்கும் தெரியாது, பல நேரம் இறந்தவர் வீட்டுக்கும் தெரியாது.

வீட்டுக்குத் தெரியாமல் போனதற்கு ஒரு சட்டக் காரணமும் இருந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றப்பத்திரிகை நகல் கொடுக்க வேண்டிய ஆள் குற்றம்சாட்டப்பட்டவர் மட்டும்தான். 2024 ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்த பிஎன்எஸ்எஸ், அதாவது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, இதை மாற்றியிருக்கிறது. அதன் 230ஆவது பிரிவில் பாதிக்கப்பட்டவரும் சேர்க்கப்பட்டிருக்கிறார். ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. அதற்கு வருவோம்.

விசாரணைக்கு முன்னாடியே ஆதாரத்தைக் காட்டிடணுமா?

ஆமாம். சினிமாவில் கடைசி நாள், கடைசி நிமிஷம் வக்கீல் ஒரு பேப்பரை எடுத்து நீட்டுவார், மொத்த கோர்ட்டும் ஆடிப்போகும். நிஜத்தில் அரசுத் தரப்பு நினைத்த நேரத்தில் இப்படி நீட்டிவிட முடியாது. யாரை சாட்சியாக விசாரிக்கப் போகிறோம், அவர்கள் போலீசிடம் என்ன சொன்னார்கள், எந்த ஆவணத்தை வைத்து வழக்கு நடத்தப் போகிறோம் என்பதை எல்லாம் எதிர்த்தரப்பிடம் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். எதை எதிர்த்து வாதாடுகிறோம் என்றே தெரியாத ஒருவர் எப்படி வாதாடுவார்?

குற்றம்சாட்டப்பட்டவர் கோர்ட்டில் ஆஜரான நாளில் இருந்து 14 நாட்களுக்குள் எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், குற்றப்பத்திரிகையோடு போலீஸ் கோர்ட்டில் கொடுத்த மற்ற ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் மாஜிஸ்திரேட் இலவசமாகத் தர வேண்டும். கட்டு ரொம்பப் பெரிதாக இருந்தால் பென் டிரைவ் போல மின்னணு வடிவில் தரலாம், அல்லது கோர்ட்டில் வந்து பார்க்கச் சொல்லலாம்.

வெடிவிபத்து வழக்கில் இந்தக் கட்டுக்குள் என்னென்ன இருக்கலாம்? ஆலைக்கு நாக்பூர் லைசென்ஸா, வேறு லைசென்ஸா, அதில் எத்தனை பேர் வேலை செய்ய அனுமதி என்ற விவரம். பிரேதப் பரிசோதனை அறிக்கை. மருந்து மாதிரியை ஆய்வு செய்த தடய அறிவியல் ஆய்வக அறிக்கை. ஆலையின் சிசிடிவி பதிவோ, யாராவது செல்போனில் எடுத்த வீடியோவோ இருந்தால் அதுவும். மெமரி கார்டில் இருக்கும் பதிவும் 'ஆவணம்'தான் என்று மலையாள நடிகர் திலீப் தொடர்ந்த வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கம் கருதி நகல் தரவில்லை, வக்கீலோடும் நிபுணரோடும் வந்து பார்க்க மட்டும் அனுமதித்தது.

போலீஸ் எடுத்துட்டுப் போயி, கோர்ட்டில் காட்டாத பேப்பர்?

சிக்கலே இங்கதான். உதாரணத்துக்கு ஒரு போர்மேனை எடுத்துக்கொள்வோம். வெடித்த ரூமை முதலாளி வேறு ஒருவருக்கு உள்குத்தகைக்கு விட்டுவிட்டார், அங்கே தனக்கு வேலையே இல்லை என்கிறார் அவர். அதைக் காட்டும் குத்தகைப் பத்திரமும் வருகைப் பதிவேடும் போலீஸ் கைப்பற்றிய பொருட்களில் இருக்கின்றன. ஆனால் குற்றப்பத்திரிகையோடு சேர்க்கப்படவில்லை. அவரைக் காப்பாற்றக்கூடிய பேப்பர் ஸ்டேஷன் அலமாரியில் தூங்கும், அது அங்கே இருப்பது அவர் வக்கீலுக்கே தெரியாமல் போகலாம்.

இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன வழக்குகளில் ஒன்று தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த வழக்குதான். சொத்துக்குவிப்பு வழக்கு பெங்களூருவில் நடந்துகொண்டிருந்தபோது, கோர்ட்டில் இருந்தும் அரசுத் தரப்பு பயன்படுத்தாத ஆவணங்களைப் பார்க்க வேண்டும் என்று வி.கே.சசிகலா கேட்டார். 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பது வேறு கதை. ஆனால் அவர் வாங்கிய அந்தத் தீர்ப்பு சாதாரண போர்மேனுக்கும் பொருந்தும்.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. போலீஸ் கைப்பற்றி, பயன்படுத்தாமல் விட்ட ஆவணங்கள், பொருட்கள், வாக்குமூலங்களின் பட்டியலையும் குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும் என்று விதிகளை வகுத்தது. 2022 மே மாதம், மனோஜ் என்பவரின் மத்தியப் பிரதேச மரண தண்டனை வழக்கில் இதை மீண்டும் வலியுறுத்தியது. பட்டியல் கையில் இருந்தால், வேண்டியதைத் தரச் சொல்லி கோர்ட்டில் மனு போடலாம். அமெரிக்காவில் 1963லேயே 'பிராடி' வழக்கில், குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. நாம கொஞ்சம் லேட்.

சிவகாசி முதலாளிகளே கேட்டு நின்ற கட்டம்

பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுக்கு 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடை போட்டது. தடையை மீறி பேரியம் பயன்படுத்துகிறார்களா என்று விசாரிக்க 2020 மார்ச்சில் சிபிஐக்கு உத்தரவிட்டது. சிபிஐ அறிக்கை வந்ததும், 2021 செப்டம்பர் 29ஆம் தேதி, விவகாரம் மிகத் தீவிரமானது என்றது கோர்ட். ஆனால் உடனே நடவடிக்கையில் இறங்கவில்லை. அறிக்கையின் நகலை எல்லாத் தரப்பு வக்கீல்களுக்கும் கொடுக்கச் சொல்லி, பதில் சொல்ல உற்பத்தியாளர்களுக்கு இன்னொரு வாய்ப்பு தந்தது. இது வழக்கமான கிரிமினல் விசாரணை இல்லை, கோர்ட் உத்தரவை மீறிய புகார். இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்: உன்மேல் என்ன இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் உன்னைக் கேள்வி கேட்க முடியும்.

எதிர்த்தரப்பும் தன் ஆதாரத்தை முன்கூட்டியே காட்டணுமா?

கிரிமினல் வழக்கில் கிட்டத்தட்ட இல்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அது அரசியல் சாசனத்தின் 20(3) தரும் பாதுகாப்பு. ஒரு தரப்பு தாக்கல் செய்த ஆவணம் உண்மையானதுதானா என்பதை மட்டும் மறுதரப்பு 30 நாட்களுக்குள் ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ வேண்டும். வணிக வழக்கு அப்படி இல்லை. தீபாவளி சரக்கைக் கடனுக்கு அனுப்பி, பணம் வராமல் வணிக நீதிமன்றம் போனால், வழக்கு தொடர்பாகத் தன்னிடம் உள்ள ஆவணங்களைத் தனக்குப் பாதகமானது உள்பட இரு தரப்பும் காட்டியாக வேண்டும்.

சரி, இறந்தவர் குடும்பம் என்ன செய்யணும்?

முதலில் சொன்ன நிபந்தனை இதுதான்: பாதிக்கப்பட்டவருக்கு நகல் கிடைக்கும், ஆனால் 'வக்கீல் வைத்திருந்தால்' மட்டும். இறந்தவரின் சட்டப்படியான வாரிசும் பாதிக்கப்பட்டவர்தான். கூலிக்குப் போய் உயிரை விட்ட குடும்பம் வக்கீலுக்கு எங்கே போகும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை.

வழி ஒன்று இருக்கு. இலவச சட்ட உதவிச் சட்டப்படி பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் இலவசமாக வக்கீல் கேட்கலாம். விருதுநகர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. தேசிய உதவி எண் 15100.

நகல் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் போலீசே தெரிவிக்க வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் 193ஆவது பிரிவு. நகல் கைக்கு வந்ததும் இறந்தவர் பெயர், வயது, அவர் வேலை பார்த்த ரூம், கூட வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம் சரியாக இருக்கிறதா என்று வக்கீலோடு உட்கார்ந்து பார்ப்பது முக்கியம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும் வாரண்ட் வழக்கு என்றால், நகல் கிடைத்த 60 நாட்களுக்குள் தன்னை வழக்கில் இருந்து விடுவிக்கக் கோரி எதிர்த்தரப்பு மனு போடலாம். அந்த மனு வருவதற்கு முன்னால் குடும்பத்தின் வக்கீல் கட்டைப் படித்து முடித்திருந்தால், விட்டுப்போன விஷயத்தை அரசு வக்கீலிடம் எடுத்துச் சொல்ல நேரம் இருக்கும்.

2024 ஜூலைக்கு முன்பே கோர்ட்டுக்குப் போய்விட்ட வழக்குகள் பொதுவாகப் பழைய சட்டப்படியே நடக்கும். அந்தக் குடும்பங்களுக்கு 230ஆவது பிரிவு உதவாது, கோர்ட்டில் தனியாக மனு போட்டுத்தான் சான்றிட்ட நகல் கேட்க வேண்டும்.