நாயின் மூளையில் கட்டி: கண்டறியும் முறை

மனிதனுக்குத் தலை வலித்தால் வாய்விட்டுச் சொல்கிறான். கண் மங்கினால் மருத்துவரிடம் முறையிடுகிறான். நாய்க்கோ அவ்வாய்ப்பு இல்லை. அதன் மூளையிலே கட்டி வளருமாயின், நடை, பார்வை, பழக்கம் ஆகியவற்றில் உண்டாகும் மாறுதல்களே அதன் மொழியாகும். அம்மொழியைப் படிப்பதுதான் கால்நடை மருத்துவரின் முதல் வேலை.

மூளைக் கட்டியுள்ள நாய்களிடம் பெரும்பாலும் முதலில் தோன்றும் அறிகுறி வலிப்பு. ஆனால், வலிப்பெல்லாம் கட்டியால் வருவதன்று. பரம்பரையாகவோ, காரணம் விளங்காமலோ வரும் வலிப்பு நோய், பொதுவாக 6 மாதத்திற்கும் 6 வயதிற்கும் இடையில் தொடங்குகிறது. அவ்வயதைக் கடந்த நாய்க்கு முதன்முறையாக வலிப்பு வந்தால், மூளையிலே கட்டி இருக்கலாம் என்ற ஐயம் வலுக்கிறது. ஒரே பக்கமாக வட்டமிடுதல், சுவரில் தலையை முட்டி நிற்றல், பழகிய ஒழுங்கை மறத்தல் ஆகியனவும் கவனிக்கத்தக்கவை.

இனமும் ஒரு குறிப்புத் தருகிறது. பாக்ஸர், பாஸ்டன் டெரியர் போன்ற குறுமூக்கு நாய்களிடம் மூளைத் திசுவுக்குள்ளேயே தோன்றும் கிளையோமா என்னும் கட்டி மிகுதி. கோலி, கோல்டன் ரிட்ரீவர் போன்ற நீள்மூக்கு நாய்களிடம் மூளையை மூடிய உறையிலிருந்து எழும் மெனிஞ்சியோமா என்னும் கட்டி மிகுதி.

தேர்ந்த மருத்துவர், “நோய் என்ன?” என்று கேட்குமுன் “நோய் எங்கே?” என்று கேட்கிறார். நாயின் பாதத்தை மடக்கி, அதன் மேற்புறம் தரையில் படும்படி வைத்தால், நலமுள்ள நாய் அதனை உடனே நேராக்கிக் கொள்ளும். கண்முன் கையைச் சட்டென நீட்டினால் இமைக்கும். பெருமூளையின் இடப்பாதி பழுதுபட்டால், வலப்பாதம் நேராவதற்குத் தாமதமாகும், வலக்கண் இமைக்காது. வட்டமிடுதலோ பெரும்பாலும் பழுதுற்ற பக்கம் நோக்கியே நிகழும். மூளைத்தண்டு பழுதுபட்டால் தலை சாய்தல், விழுங்க இயலாமை போன்றவை தோன்றலாம். எனினும், மூளையின் முன்பகுதியில் கட்டி இருந்தால் இச்சோதனைகள் யாவற்றிலும் நாய் குறையின்றித் தேறிவிடக்கூடும். ஆகவே, சோதனையில் பழுது தென்படாமை ஒன்றைக் கொண்டே கட்டி இல்லை என்று முடிவு செய்தல் கூடாது.

அடுத்தது இரத்தச் சோதனை. கல்லீரல் கெட்டாலும், நஞ்சு உட்கொண்டாலும், இரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைந்தாலும் வலிப்பு வரும். முதிய நாயின் கணையத்தில் தோன்றும் ஒருவகைக் கட்டி, இன்சுலினை அளவின்றிச் சுரந்து சர்க்கரையைக் குறைத்துவிடும். குற்றம் கணையத்தில் இருக்க, மூளையில் தேடுவதால் பயனில்லை. உடலின் வேறிடத்துப் புற்று மூளைக்குப் பரவியிருக்கவும் கூடும். அதனால் மார்பையும் வயிற்றையும் படமெடுத்துப் பார்க்கின்றனர்.

சாதாரண எக்ஸ்-கதிர்ப் படம் மண்டையோட்டைக் காட்டுமேயன்றி உள்ளிருக்கும் மூளையைக் காட்டாது. 1971-ல் மனித மூளையை முதன்முதலாகப் படம் பிடித்த சி.டி. கருவியும், பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படக்கருவியும் இக்குறையைத் தீர்த்தன. இவற்றுள் மூளைக்கு ஏற்றது எம்.ஆர்.ஐ. ஆகும். அசையாது கிடத்தல் நாய்க்கு இயலாதாகையால், மயக்க மருந்து கொடுத்தே படமெடுக்க வேண்டும். கட்டியைத் தெளிவாகக் காட்ட, நரம்பு வழியே ஒரு மருந்தும் செலுத்தப்படுகிறது. உறைக்கட்டி பெரும்பாலும் மூளைக்கு வெளியே, உறையை ஒட்டி ஒளிரும். கிளையோமா மூளைத் திசுவுக்குள்ளேயே காணப்படும்.

ஆயினும், படமும் இறுதித் தீர்ப்பன்று. மூளை அழற்சியும், இரத்தக் குழாய் அடைப்பும் சில வேளைகளில் கட்டிபோலவே தோன்றும். தண்டுவட நீரைச் சோதிப்பது அழற்சியைப் பிரித்தறிய உதவும். ஆனால், மண்டைக்குள் அழுத்தம் மிகுந்திருந்தால் அந்நீரை எடுப்பதே உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகையால் படமெடுத்த பின்னரே அதுபற்றி முடிவு செய்கின்றனர். கட்டியின் வகையை ஐயமற உறுதிசெய்ய, அதன் சிறு துண்டை எடுத்து நுண்பெருக்கியில் பார்த்தல் ஒன்றே வழி.

இவ்வேறுபாடு வெறும் நூலறிவன்று. அழற்சிக்கு மருந்துண்டு, அடைப்பினால் வீழ்ந்த நாய் சில வாரங்களில் தேறவும் கூடும். கட்டிக்கோ அறுவை அல்லது கதிர்வீச்சு வேண்டும். ஊகத்தால் “கட்டி” என்று முடிவு கட்டினால், பிழைக்கக்கூடிய நாயைக் கருணைக்கொலைக்கு அனுப்ப நேரிடும். அவ்வாறே, ஸ்டீராய்டு மருந்தால் நாய் தேறியது கண்டு கட்டி இல்லை எனக் கருதுதலும் பிழை. அம்மருந்து கட்டியைச் சுற்றிய வீக்கத்தையும் தணிக்கும்.

நாய் வளர்ப்போர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. முதல் வலிப்பு வந்த நாள், அது நீடித்த நேரம், உடலின் எப்பக்கம் முதலில் துடித்தது என்பவற்றைக் குறித்துவைத்தலும், இயன்றால் கைத்தொலைபேசியில் படமெடுத்தலும் வேண்டும். மருத்துவமனையில் நாய் பெரும்பாலும் அமைதியாகவே நிற்கும். வீட்டில் நிகழ்ந்ததை அதற்காகச் சொல்லக்கூடியவர் அதனை வளர்ப்பவரே.