பகுதிச் சராசரியும் முழுச் சராசரியும்
பந்தய எண்களைக் கொண்டு ஓர் இணை நிரலாக்கப் பயிற்சி

பெரிய வேலையொன்றைப் பலர் பங்கிட்டுக்கொண்டு ஏககாலத்தில் செய்து முடிப்பது நடவிலும் அறுவடையிலும் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். கணிப்பொறியிலும் இம்முறை கையாளப்படுகிறது. ஒரு கணக்கைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்தளித்து, அவை தரும் விடைகளை இறுதியில் ஒன்றுசேர்ப்பதே இணை நிரலாக்கம் எனப்படும். புனேயில் 1991ஆம் ஆண்டில் உருவான பரம் 8000 என்னும் கணிப்பொறி இத்தத்துவத்தின்படி அமைந்ததேயாகும்.

எண் வரிசை முழுவதையும் ஒரே ஆணையால் கையாளும் சார்புகள் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றவை. கென்னத் ஐவர்சன் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தகைய குறியீடுகளை விளக்கினார். பின்னர் ஃபோர்ட்ரான் 90 மொழியிலும் ஒரு வரிசையின் கூட்டுத்தொகை, மிகப் பெரிய எண் ஆகியவற்றைத் தரும் சார்புகள் இடம்பெற்றன.

பயிற்சி

ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் டான் பிராட்மன் 1928 முதல் 1948 வரை டெஸ்ட் பந்தயங்களில் 80 இன்னிங்ஸ் ஆடி 6,996 ரன்கள் எடுத்தார். அவற்றுள் ஆட்டமிழந்தவை 70. ஆகவே அவருடைய சராசரி 99.94. இந்த 80 எண்களையும் எதிரணி வாரியாக நான்கு வரிசைகளாக்கி, நான்கு செயலிகளிடம் ஒப்படைத்ததாகக் கொள்க. கிடைக்கும் விடைகள் பின்வருமாறு:

இங்கிலாந்து: 5,028 ரன், ஆட்டமிழப்பு 56, சராசரி 89.79
தென்னாப்பிரிக்கா: 806 ரன், ஆட்டமிழப்பு 4, சராசரி 201.50
இந்தியா: 715 ரன், ஆட்டமிழப்பு 4, சராசரி 178.75
மேற்கிந்தியத் தீவுகள்: 447 ரன், ஆட்டமிழப்பு 6, சராசரி 74.50

மிகப் பெரிய எண்ணைக் காண்பதில் இடரில்லை. நான்கு வரிசைகளும் முறையே 334, 299, 201, 223 எனத் தருகின்றன. அவற்றுள் பெரிதான 334 முழுமைக்கும் பெரிதேயாம்.

பிழை நுழையுமிடம்

நான்கு சராசரிகளையும் கூட்டி நான்கால் வகுத்தால் 136.13 வருகிறது. இது முற்றிலும் தவறு. நான்கே ஆட்டமிழப்புகளைக் கொண்ட வரிசைக்கும் 56 கொண்ட வரிசைக்கும் இங்கே சம மதிப்பு அளிக்கப்பட்டதே இதற்குக் காரணம். செயலிகள் எவ்வளவு விரைவாக இயங்கினும் இப்பிழை நீங்காது. ஒவ்வொரு செயலியும் சராசரியை அனுப்பாமல், ரன்களின் கூட்டுத்தொகை, ஆட்டமிழப்புகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் அனுப்புதல் வேண்டும். வகுத்தல் இறுதியில் ஒரே முறை நிகழ வேண்டும்.

எண்பது எண்களுக்கு இவ்வேற்பாடு தேவையில்லை; கூட்டும் நேரத்தைவிடப் பகிரும் நேரமே மிகுதியாகும். இலட்சக்கணக்கான எண்களிலேயே இதன் பயன் வெளிப்படும்.

கள ஊழியர் கவனத்திற்கு

விளைச்சல் கணக்கிலும் இதே நியதி பொருந்தும். வட்டாரங்கள் ஹெக்டேர்ச் சராசரியை மட்டும் அனுப்பினால், சிறிய வட்டாரமும் பெரிய வட்டாரமும் சம மதிப்புப் பெற்று, மாவட்டத்தின் விளைச்சல் தவறாக மதிப்பிடப்படும். மொத்த விளைச்சல், மொத்தப் பரப்பு ஆகிய இரண்டும் அறிக்கையில் இடம்பெறுதல் இன்றியமையாதது. கணிப்பொறி இல்லாத பள்ளியிலும், மேற்கண்ட நான்கு வரிசைகளை நான்கு மாணவரிடம் கொடுத்து, ஆசிரியர் இவ்வுண்மையைக் கரும்பலகையிலேயே எளிதில் விளக்கலாம்.