சித்தப்பா கார் விற்ற கதை

கோயமுத்தூரில் இருக்கும் என் சித்தப்பா 2025-ல் தம் காரை விற்கத் தீர்மானித்ததும், சித்தி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாள். இருபத்து மூன்று வருஷமாக அவளுக்குச் சக்களத்தியாக இருந்த வண்டி அல்லவா அது!

2002-ஆம் வருஷத்து ஹோண்டா சிட்டி. அதிலும் 'விடெக்' ரகம். ஒன்றரை லிட்டர் இயந்திரம். நூறு குதிரைசக்திக்கு மேல். மெதுவாகப் போகும்போது அது பசு. சுழற்சி ஏறியதும் எண்ணெயின் அழுத்தத்தால் இன்னொரு 'கேம்' வேலைக்கு வந்து, பெட்ரோலும் காற்றும் நுழையும் வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறந்துவிடும். அப்புறம் புலிதான்! செட்டிபாளையத்தில் கார்ப் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை வைத்திருக்கும் ஊரில், இதன் அருமை தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

ஆனால் சித்தப்பாவின் முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்துவிட்டது. விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் காரியமாக அவர் ஒரு பழைய பைலைத் தூசி தட்டி எடுத்தார். எண்ணெய் மாற்றியது, டைமிங் பெல்ட் மாற்றியது, டயர் வாங்கியது எல்லாவற்றுக்கும் தேதிவாரியாக ரசீது. பதினைந்து வருஷம் முடிந்த பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்த காகிதமும் இருந்தது. "வண்டியைத் துடைச்சு வைக்கிறது யாராலும் முடியும். பைலை அப்படிப் பண்ண முடியுமா?" என்றார்.

விளம்பரம் வெளியானதுதான் தாமதம், டெலிபோன் ஓயவில்லை. "லாஸ்ட் ரேட் என்னங்க?" என்று வண்டியைப் பார்க்காமலே கேட்டவர்கள் பாதிப் பேர். "லிட்டருக்கு எத்தனை கொடுக்கும்?" என்று கேட்டவர்கள் மீதிப் பேர். புலியை வாங்க வந்தவன் அது எத்தனை புல் தின்னும் என்று கேட்கலாமோ?

ஓட்டிப் பார்க்க மட்டும் வந்த வாலிபர்களும் உண்டு. லைசென்ஸைப் பார்க்காமல் சித்தப்பா யாரையும் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. பக்கத்து ஆசனத்தில் தாமே உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் ஒரு தரகர் வந்தார். நாங்கள் எதிர்பார்த்ததைவிட ரூ.15,000 அதிகம் தருவதாகச் சொன்னார். "29, 30-ஆம் நம்பர் பாரத்திலே வாங்கறவர் பேரை விட்டுட்டுக் கையெழுத்து மட்டும் போடுங்க. பேரெல்லாம் நாங்க மாத்திக்கறோம்."

"கொடுத்துவிடுங்கள், சித்தப்பா" என்றேன் நான். படித்த முட்டாள்!

தரகர் போன பிறகு சித்தப்பா கேட்டார்: "நாளைக்கு அந்த வண்டி யாரையாவது அடிச்சுப் போட்டா, கோர்ட்டு யாரைத் தேடி வரும்?"

அவர் கேட்டது வீண் பயம் அல்ல. இப்படிப் பலர் கைமாறியும் பதிவில் பெயர் மாறாத ஒரு கார் 2009-ல் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018-ல் தீர்ப்பளித்தது. எப்போதோ விற்றுவிட்டேன் என்ற சமாதானம் எடுபடவில்லை. அதிகாரபூர்வமாகப் பதிவு பெற்ற வியாபாரியிடம் கொடுத்தால், அவர் வசம் வண்டி போனதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க 2023 ஏப்ரல் முதல் வழி உண்டு. நமது தரகருக்கு அந்தப் பதிவு இல்லை.

ரூ.15,000 கையை விட்டுப் போயிற்று. சித்தப்பாவின் தூக்கம் போகவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஓர் இளைஞர் வந்தார். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தால், நோயை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். பிறகு புகையைக் கவனித்தார். நீலப் புகை வந்தால் இயந்திரம் எண்ணெய் குடிக்கிறது என்று அர்த்தம். இங்கே வரவில்லை.

"தம்பி, இடது பக்கப் பின் கதவு மறுபடி பெயின்ட் அடிச்சது. கேட்டுல உரசிட்டேன்; என் தப்புதான்" என்றார் சித்தப்பா, கேட்காமலே.

இளைஞர் சிரித்தார். "கலர் கொஞ்சம் மாறுறதைப் பார்த்துட்டேனுங்க. நீங்களே சொல்றீங்களான்னுதான் இருந்தேன்."

அந்த ஒரு நிமிஷத்தில் வியாபாரம் முடிந்துவிட்டது. பணம் பாங்கிக் கணக்கில் ஏறியது. ஒப்படைத்த தேதியும் மணியும் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். விற்றவர் பதினான்கு நாளைக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். சித்தப்பா மறுநாளே அதைச் செய்தார். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்றவும் வாங்கியவருக்குப் பதினான்கு நாள்தான் கெடு. விபத்தில்லாமல் ஓட்டியதற்கான 'போனஸ்' சலுகை மட்டும் வண்டியோடு போகாது, விற்றவருடையது. சுங்கச் சாவடிக்கான பாஸ்டாக்கையும் ரத்து செய்தார்; இல்லாவிட்டால் எவரோ போகும் பயணத்துக்கு நாம் சுங்கம் கட்ட நேரும்!

வண்டி புறப்படும் நேரம். உள்ளேயிருந்து சித்தி விரைந்து வந்தாள். கையில் நான்கு எலுமிச்சம்பழங்கள். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டு நிமிர்ந்தவளின் கண்கள் கலங்கியிருந்தன.

"தம்பி, மழையிலே நிறுத்தாதீங்க. அவர் ஒரு நாள்கூட நிறுத்தினதில்லே" என்றாள்.