நீங்கள் செய்து தராவிட்டாலும்

யப்பானின் பூஜி தொலைக்காட்சி 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் யூன் வரை வியாழக்கிழமை இரவுகளில் ஒரு தொடர் நாடகத்தை ஒளிபரப்பியது. ஹருனோ ஹரு என்பவரின் சித்திரக்கதையைத் தழுவி எழுந்த அந்நாடகத்தின் பெயர் 'அனத்த க ஷித்தெ குரெனக்குத்தெ மோ'. உடலுறவு அற்றுப்போன ஓர் இல்லறத்தின் கதை அது. இப்பெயரைத் தமிழிலே எவ்வாறு சொல்வது என்று சில நாட்களாக எண்ணிப் பார்க்கிறேன்.

முதற் சொல்லிலே தொல்லை இல்லை. 'அனத்த' என்பது முன்னிலைப் பெயர். யப்பானிய மனைவியர் கணவனைப் பெயர் சொல்லாது விளிப்பதற்கு நெடுங்காலம் வழங்கிய சொல்லும் அதுவே. யாழ்ப்பாணத்து வீடுகளில் 'இஞ்சேருங்கோ' என்று ஒரு குரல் கேட்குமே, ஏறக்குறைய அந்த நிறம் அதற்கு உண்டு. தொல்லையெல்லாம் வினையிலே இருக்கிறது. யப்பானிய மொழியில் ஈகையைக் குறிக்கும் வினைகள் திசையறிந்து நிற்பவை. நான் பிறர்க்குக் கொடுப்பது 'அகெரு'. பிறர் எனக்குத் தருவது 'குரெரு'. தொல்காப்பியம் பயின்ற மாணவர்க்கு இது வியப்பூட்டாது. தரவும் வரவும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன, செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன என்று கிளவியாக்கம் வகுக்கின்றதல்லவா? நாம் நூலிலே வைத்துப் போற்றும் வேறுபாட்டுக்கு ஒத்த ஒன்றை யப்பானியர் நாள்தோறும் நாவிலே காத்து வருகின்றனர்.

இந்தக் 'குரெரு' துணைவினையாகி இன்னொரு வினையோடு சேரும்போது, 'எனக்காகச் செய்தார், அது எனக்கு உதவியாயிற்று' என்ற நன்றிப் பொருளும் உடன் வந்துவிடும். ஆகவே தலைப்பு, 'நீங்கள் செய்து தராவிட்டாலும்' என்றாகிறது. எதைச் செய்து? செயப்படுபொருள் இல்லை. தராவிட்டாலும் என்ன? முடிக்கும் சொல்லும் இல்லை. எச்சமாகவே நின்றுவிடுகிறது.

சொல்லாமல் விட்ட அந்தச் செயப்படுபொருளைச் சுற்றியே 11 வாரக் கதையும் நகர்கிறது. மிச்சி கட்டிட நிறுவனமொன்றில் தொழில் பார்க்கும், முப்பதைக் கடந்த பெண். கணவன் யோயிச்சி ஒரு கோப்பிக் கடையைப் பொறுப்பாக நடத்துபவன். மணமாகி ஐந்தாண்டு, உறவு நின்று ஈராண்டு. அவன் அவளை அடிப்பவனல்லன், வெறுப்பவனுமல்லன். ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி, சிறு பகிடிகளுக்குச் சேர்ந்து சிரித்து வாழ்கிறார்கள். ஆனால் அவள் நெருங்கும்போதெல்லாம் அவன் ஏதோவொரு சாட்டுச் சொல்லி விலகுகிறான். கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவள் தன் கண்ணிலேயே சிறுத்துப் போகிறாள். மிச்சியாக நடிக்கும் நவோ என்ற நடிகை இதைக் கண்ணீரால் அன்றி, ஓர் அசட்டுச் சிரிப்பினாலேயே உணர்த்திவிடுகிறார். 'நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லையே' என்பது போன்ற அந்தச் சிரிப்பு எந்த அழுகையிலும் கொடியது.

'குரெரு' என்னும் வினையின் கடுமை எனக்கு இங்கேதான் விளங்கிற்று. இருவர்க்கும் பொதுவாயிருந்த ஒன்று, ஒருவர் இரக்க மற்றவர் அளிக்கும் தயவாக மாறிவிடுகிறது. மாறிய பின் அதைப் பெற்றாலும் பெற்றதாகாது. கணவன் மனமிரங்கி இணங்கினால், இரக்கத்தினால் இணங்கினான் என்ற எண்ணமே அவளைச் சுடும். நம் அகப்பொருள் இலக்கணத்தார் பிரிவுக்குப் பாலை வகுத்தனர். ஆங்கே தலைவன் பொருள்வயிற் சுரங்கடந்து போய்விடுகிறான், தலைவி நாளெண்ணிக் காத்திருப்பாள். ஒருவருமே போகாத பிரிவுக்கு எந்தத் திணை? கைக்கிளை என்று சொல்லலாமோ என நினைத்தேன். கற்பு வாழ்வினுள்ளே கைக்கிளை புகுமோ என்பதைப் புலவர்கள் தீர்க்கட்டும்.

யப்பானியர் இந்நிலைக்கு ஆங்கிலச் சொற்களை வளைத்துச் 'செக்குசுரெசு' என்று ஒரு பெயரிட்டுள்ளனர். 1994இல் யப்பானியப் பாலியல் அறிவியற் கழகம் அதற்கு வரைவிலக்கணமும் வகுத்தது. சிறப்பான காரணமின்றி ஒரு மாதமோ அதற்கு மேலோ மணமக்களிடையே உறவு இல்லாதிருத்தலும், அந்நிலை நீடிக்குமெனத் தோன்றுதலும் அதன் கூறுகள். குடும்பத் திட்டச் சங்கத்தின் கணக்கெடுப்பில், மணமானவருள் இவ்வகையினர் 2004இல் 31.9 வீதம், 2016இல் 47.2 வீதம். காரணம் கேட்டபோது ஆண்கள் முதலாவதாகச் சொன்னது தொழிற் களைப்பு. பெண்கள் சொன்னது, 'அதொரு தொல்லை' என்பது. பிள்ளையை நடுவிலே கிடத்திப் பெற்றோர் இருபுறமும் உறங்கும் வழக்கத்தை அங்கே 'ஆறு என்னும் எழுத்து' என்பார்கள். ஆற்றைக் குறிக்கும் எழுத்து மூன்று நெடுங்கோடுகளால் ஆனது. அழகிய உவமைதான். ஆயினும் ஆற்றுக்கு இரு கரைகள் உண்டு என்பதும் நினைவுக்கு வருகிறது.

நாடகத்தில் இன்னொரு வீடும் உண்டு. மிச்சியோடு வேலை செய்யும் நீனா மக்கொத்தோவின் வீடு அது. அவன் மனைவி கயெதே ஒரு நாகரிக சஞ்சிகையின் துணையாசிரியை. அங்கே சமைப்பதும் துப்புரவாக்குவதும் அவனே. எல்லாவற்றையும் செய்து தருபவன் கணவன்; ஒன்றைத் தர இயலாது களைத்து நிற்பவள் மனைவி. மறுப்பவன் ஆணாயின் கல்நெஞ்சன், மறுப்பவள் பெண்ணாயின் நாணமுடையாள் என்ற பழைய கணக்கு இதனால் குலைந்துபோகிறது. அது நன்று. ஆனால் இரு வீடுகளையும் தராசுத் தட்டுகள் போலச் சரிநிகராக நிறுத்தியதில் கதை சற்றுச் செயற்கையாகிவிட்டது என்பேன். கேட்டுத் தோற்ற இருவரும் ஒருவர்க்கொருவர் ஆறுதலாகி, ஆறுதல் காதலாகும் நடுப்பகுதி, எத்தனையோ தொடர்களிற் கண்ட வழியிலேயே செல்கிறது. பார்ப்பவர் மனம் யோயிச்சியின் பேசா வாயையே சுற்றி நிற்க, நாடகமோ அலுவலகத்துக்கு ஓடுகிறது.

இப்பொருள் யப்பானிய இலக்கியத்துக்குப் புதிதன்று. ஜுனிச்சிரோ தனிசாக்கி 1928-29இல் நாளிதழ்களில் தொடராக எழுதிய 'தடெ கூ முஷி' என்ற நாவலின் கனாமெயும் மிசாக்கோவும் இத்தகைய தம்பதியரே. அங்கே சண்டையில்லை, கேள்வியுமில்லை. மனைவிக்கு ஒரு காதலன் இருப்பதைக் கணவன் அறிந்து உடன்படுகிறான். விவாகரத்தை மட்டும் இருவரும் நாகரிகமாக ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கின்றனர். அவர்கள் ஒசாக்காவில் ஒரு பாவைக்கூத்துக்குச் செல்கிறார்கள். ஆடப்படுவது சிக்கமட்சு எழுதி 1721இல் அரங்கேறிய 'அமிஜிமா' நாடகம். அதிலே ஓசான் என்ற மனைவி, ஈராண்டாகத் தன்னைத் தனியே விட்ட கணவனைப் பார்த்துப் புலம்புகிறாள். கனாமெ அருகில் மனைவி அமர்ந்திருக்க அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மரப்பாவை வாய்விட்டுச் சொல்வதை உயிருள்ள இருவரும் சொல்லமாட்டாது இருக்கும் அந்த இடம், நான் படித்த நாவல்களிலே மறக்கவொண்ணாத இடங்களுள் ஒன்று.

ஓசானுக்கும் ஈராண்டு, மிச்சிக்கும் ஈராண்டு. நாடகாசிரியர்கள் இதனை எண்ணித்தான் அமைத்தனரோ அறியேன். ஓசானின் கணவன் ஜிஹெய் ஒரு தாசியிடம் மனத்தை இழந்தவன். அவள் குறைகூறுவதற்கு வெளியே ஒருத்தி இருந்தாள். மிச்சிக்கு முதலில் அந்த வசதியும் இல்லை. வீட்டிலே இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு நல்ல மனிதனிடம், 'ஏன்' என்று மட்டுமே அவளாற் கேட்க முடிகிறது.

அந்த 'ஏன்' என்பதற்கு அவன் என்ன விடை சொல்கிறான், எச்சமாய் நின்ற தலைப்பை அவள் எந்த வினைமுற்றால் முடிக்கிறாள் என்பவற்றை இன்னும் பாராதவர்க்காக இங்கே எழுதாது விடுகிறேன். தனிசாக்கியின் நாவலை எட்வேட் சைடன்ஸ்டிக்கர் 1955இல் ஆங்கிலத்தில் தந்தார். உயர்வகுப்பு மாணவர் அதை முதலிற் படித்துவிட்டு, குறிப்பாகப் பாவைக்கூத்துப் பகுதியை இருமுறை படித்துவிட்டு, இந்நாடகத்தைப் பார்ப்பாராக.